வீடு போன பிறகு வந்த வாரண்ட்

போன மாதம் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு வங்கிக்காரர்கள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த வீட்டுக்காரரின் மைத்துனர் என் கதவைத் தட்டினார். நான் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வீட்டையே எடுத்துட்டாங்களே சார், இனிமே கடன் கேட்டு வர மாட்டாங்கல்ல?" என்றார். கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு வீட்டு வாசலில், ஒரு மனிதர் என்னைக் கேட்டிருக்கிறார்.

அமீனா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கோர்ட் போடும் உத்தரவைத் தெருவில் இறங்கி நிறைவேற்றுகிறவன் அமீனா. சம்மன் கொடுப்பது, சாமானை ஜப்தி செய்வது, வீட்டைக் காலி செய்து ஏலம் எடுத்தவனிடம் சாவி கொடுப்பது, கடன் கட்டாதவனைப் பிடித்துக்கொண்டு வந்து முன்சீப் முன்னால் நிறுத்துவது எல்லாம் அவன் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு மேற்கே ஒரு முன்சீப் கோர்ட்டில் சேர்ந்தேன். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சைக்கிளில் சுற்றினேன். முதல் சில வருஷங்களில் கற்றுக்கொண்டதெல்லாம் எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பதும், நோட்டீஸ் ஒட்டும் கோந்து காயாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதும்தான். என்னைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள். ஊர் என்னைப் பார்த்துப் பயந்தது. நான் எங்கள் நாசரைப் பார்த்துப் பயந்தேன்.

நாசர் என்பவர் அமீனாக்களுக்கும் பியூன்களுக்கும் மேலதிகாரி. எங்கள் நாசர் பெயர் வரதராஜன். சித்திரை வெயிலிலும் கோட்டின் பித்தானைக் கழற்ற மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்களை நிற்க வைத்துத்தான் பேசுவார், அது சகஜம். அவருக்குக் கோபம் வந்தால் எதிர் நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் எல்லோரும் வெலவெலத்துப் போவோம்.

அவர் எனக்குப் போட்ட கட்டளைகள் இரண்டு. வழக்கில் உள்ள கட்சிக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது. "தாகம் எடுத்தா கோர்ட்டுக்கு வந்து குடிங்க. யோசனை சொல்லணும்னு தோணிச்சுன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வக்கீலுக்குப் படிங்க" என்றார். தங்கவேலு என்று என்னோடு வேலை பார்த்தவர், ஒரு விதவைக்கு இரக்கப்பட்டு எந்த மனு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எதிர்க்கட்சி வக்கீல் புகார் செய்தார். நாசர் தங்கவேலுவை உட்காரச் சொன்னார். அதன் பிறகு தங்கவேலுவை நாங்கள் கோர்ட்டில் பார்க்கவில்லை. என் சம்பளத்தை நம்பி அம்மாவும் கல்யாணம் ஆகாத இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். நான் வாயை இறுக்கித் தைத்துக்கொண்டேன்.

அந்தக் கோவில்பதாகை மனிதர் பெயர் ஏகாம்பரம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். கோவில்பதாகையில் கொஞ்சம் மனை வாங்கிச் சுவர் எழுப்பியிருந்தார். ஓடு போடக் காசு இல்லாமல், பூந்தமல்லியில் விறகு டிப்போ வைத்திருந்த லோகநாதன் என்பவரிடம் வீட்டையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். ஓடு போட்டார். அடுத்த சில மாதங்களில் தொழிற்சாலையில் கதவடைப்பு. சம்பளம் நின்றது, வட்டி நிற்கவில்லை. டிப்போக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தீர்ப்பு வாங்கினார், வீடு ஏலத்துக்கு வந்தது. தமுக்கு அடித்து ஏலம் கூறியபோது ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக்காரன் வீட்டை ஏலத்தில் எடுப்பது பாவம் என்று ஒதுங்கி நின்றார்கள். ஏகாம்பரத்துக்கு நல்லது செய்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். கேட்க ஆள் இல்லாததால் டிப்போக்காரரே கோர்ட்டில் அனுமதி வாங்கி, அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

சாவி வாங்கிக் கொடுக்கப் போனவன் நான்தான். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு வாரண்டை உரக்கப் படித்தேன். சாமான்கள் தெருவுக்கு வந்தன. ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மூலை மூலையாகப் பெருக்கத் தொடங்கினாள். டிப்போக்காரர் கையில் பூட்டோடு வாசலில் நின்றார். "போதும்மா, விடு" என்றார் சாட்சிகளில் ஒருவர். "குப்பையோட குடுத்தா நாளைக்கு எங்களைத்தான் பேசுவாங்க" என்று சொல்லி, பெருக்கி முடித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

பூட்டு விழுந்ததும் ஏகாம்பரம் என் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"ஊடு பூடுச்சி அமீனா சார். இத்தோட கடனும் பூடுச்சில்ல?"

டிப்போக்காரர் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் வாரண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் பாதிகூட இல்லை. மீதிக்கு டிப்போக்காரர் மறுபடி மனு போடலாம், போட்டால் இந்த ஆளின் தலைமேலேயே அது விழும் என்பது எனக்குத் தெரியும். சைக்கிளை எடுத்தேன்.

நினைத்தபடியே மனு வந்தது. மீதிப் பணத்துக்கு ஏகாம்பரமே பொறுப்பு, கோர்ட்டுக்கு வந்து ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டீஸ். அப்போது அவர்கள் பாரிவாக்கத்தில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தொழிற்சாலையை மறுபடி திறந்திருந்தார்கள், ஏகாம்பரம் ஷிப்ட்டுக்குப் போய்வந்தார். நான் போனபோது ஏகாம்பரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். வாங்கினா ஒத்துகினா மாதிரி ஆயிடும். நான் வாங்க மாட்டேன்."

"வாங்கலைன்னா கதவுல ஒட்டிட்டுப் போவேன்."

"ஒட்டிக்கோ. நான் தொட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பினார்கள். கையில் வாங்கினால்தான் கடன் ஒட்டிக்கொள்ளும், தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று. தபால்காரர் பதிவுத் தபாலைக் கொண்டுவந்தாலும் ஓடி ஒளிவார்கள். சட்டமோ நேர் எதிர். மறுத்தவன் வாங்கியவனாகவே கருதப்படுவான். கீழ்த்தளத்து மைத்துனருக்கு நான் சொன்னதும் இதுதான்: எந்தக் காகிதம் வந்தாலும் கைநீட்டி வாங்குங்கள், கூப்பிட்ட தேதியில் போய் நில்லுங்கள். அன்றைக்கு ஏகாம்பரத்திடம் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. கதவில் கோந்து தடவி ஒட்டினேன். அவர் அதைக் கிழிக்கக்கூட இல்லை. மழையில் ஊறித் தானாக உதிரும் வரையில் அந்தப் பக்கம் கைபடாமல் கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

அவர் வராமலே தீர்ப்பானது. பிறகு, உன்னை ஏன் சிறையில் வைக்கக் கூடாது, வந்து காரணம் சொல் என்று இன்னொரு நோட்டீஸ். அதற்கும் அதே கதிதான். அடுத்து வாரண்ட் வந்தது. ஏகாம்பரத்தைப் பிடித்துக் கோர்ட்டில் ஆஜர் செய்ய வேண்டும். முன்சீப் உத்தரவு போட்டால் சிவில் சிறை. சிறைக்குப் போனவனைத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளாது, சொல்லாமல் நின்றதாகக் காட்டிப் பெயரை அடித்துவிடுவார்கள். அந்தச் சம்பளமும் போனால் அந்த ஒற்றை அறையும் போய்விடும்.

பொழுது சாய்ந்த பிறகும் பொழுது விடிவதற்கு முன்னும் அமீனா கைவைக்க முடியாது என்று பாடியில் டீக்கடையில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஏகாம்பரம் இருட்டில் வாழ ஆரம்பித்தார். கிழக்கு வெளுப்பதற்கு வெகு முன்னாலேயே சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஷிப்ட் முடிந்தும் வீடு திரும்பாமல் டீக்கடை, லாரி ஷெட் என்று எங்காவது பதுங்கியிருந்து, நன்றாக இருட்டிய பிறகு வருவார். விடுமுறை நாளில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விளக்குகூட ஏற்றாமல் கிடப்பார். தொழிற்சாலைக்குள் என்னை விட மாட்டார்கள். நான் பகலில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால், கன்னியம்மாவின் குரல் மட்டும் வரும்.

"ஊட்ல இல்ல."

"எப்போ வருவாரு?"

"தெரியாது. நீ போ சார். நீ நிக்கிறதைப் பாத்தா ஊட்டுக்காரம்மா எங்களைக் காலி பண்ணச் சொல்லுவா."

அந்தக் குரலின் நடுக்கம் கதவைத் தாண்டி எனக்குள் வரும். உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். திரும்பி வரும்போது, அவர் இல்லாததே நல்லது என்று நினைப்பேன். உடனே நாசர் முகம் ஞாபகம் வரும், சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

டிப்போக்காரர் நேராக நாசரிடம் போய், அமீனா காசு வாங்கிக்கொண்டு ஆளை விடுகிறான் என்று சொல்லிவிட்டார். நாசர் என்னைக் கூப்பிட்டார். பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, "உட்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.

"அவர் எப்போ வீட்டை விட்டுக் கிளம்பறார்?"

"விடியறதுக்கு முன்னாலேயே போயிடறாருங்க. அந்த நேரத்துல நாம கைவைக்கக் கூடாதே."

பென்சில் முனையை ஊதினார். "வீட்டுக்குள்ள நுழையறதுக்குத்தான் சூரியன் கணக்கு. ரோட்டுல நிக்கிறவனைப் பிடிக்க ராத்திரியும் ஒண்ணுதான், பகலும் ஒண்ணுதான். உங்களுக்கு இது தெரியாதா, இல்லே தெரிஞ்சே இருந்தீங்களா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். நம்பினாரா இல்லையா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில ஆஜர் பண்ணுங்க. இப்போ எழுந்து போகலாம்" என்றார்.

மறுநாள் பொழுது விடியுமுன் பாரிவாக்கம் ஏரிக்கரை ஓரம் பாதையில் நின்றேன். தவளைச் சத்தம் காதை அடைத்தது. சைக்கிள் டைனமோ விளக்கு தூரத்தில் ஆடிக்கொண்டே வந்தது. வழியை மாற்றிக்கொண்டு போகட்டும் என்று மனசு சொன்னது, போய்விட்டால் என் வேலை போய்விடும் என்று அதே மனசு சொன்னது. ஏகாம்பரம் என்னைக் கண்டதும் ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சைக்கிளை நிறுத்தி இறங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னா அமீனா சார், இன்னும் விடியலியே. இந்த இருட்டுல இன்னா பண்ணிகினு கீறே? பீடி வேணுமா?"

பயமில்லாமல் என்னிடம் ஒரு மனிதர் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் பீடி எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். நான் அவர் தோளில் கைவைத்தேன். அமீனாவின் கை பட்டால் கைதாகிவிட்டதாக அர்த்தம்.

"இன்னா சார் இது, வெளாட்டா? பொழுது வெளுக்கல சார்."

"வீட்டுக்குள்ள வர்றதுக்குத்தான் அந்தச் சட்டம், ஏகாம்பரம். இது ரோடு."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சைக்கிள் கைதவறிச் சரிந்தது. "ஷிப்ட்டுக்குப் போயிட்டு நானே வந்துடறேன் சார். உன் புள்ளைங்க மேல ஆணை. ஒரு நாள் நின்னாலே மேஸ்திரி கேப்பான் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. பால்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். அவரிடம் வீட்டில் தகவல் சொல்லச் சொன்னேன். அதற்குத் தடை ஏதும் இல்லை.

கோர்ட் வரைக்கும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வழி நெடுக ஒரே விஷயம்தான் என்னைக் குடைந்தது. வெறும் ஏழ்மைக்காக ஒருவனைச் சிறையில் போடச் சட்டம் விடாது. கட்டும் வசதி இருந்தும் கட்டாமல் ஏய்க்கிறான் என்று தெரிந்தால்தான் போடலாம். முன்சீப் அதைத்தான் முதலில் கேட்பார். "எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று உண்மையைச் சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போகலாம். முதல் நோட்டீசுக்கே வந்து சொல்லியிருந்தால் இத்தனை மாதம் இருட்டில் ஒளிந்திருக்க வேண்டியதே இல்லை. அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தங்கவேலு ஞாபகம் வந்தது. சொல்லாமல் நடந்தேன்.

கோர்ட் வராந்தாவில் அவர் மெதுவாகக் கேட்டார். "நைனா, உள்ள போயி இன்னா சொல்லணும்?"

நாசர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு" என்றேன். நாசர் தொண்டையைச் செருமினார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முன்சீப் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. காகிதங்களைப் பார்த்துவிட்டு, "அனுப்பிய நோட்டீஸ் எல்லாவற்றையும் மறுத்திருக்கிறீர். பாக்கிப் பணத்தைக் கட்ட உமக்கு வசதி இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் கைகளைக் கூப்பினார். "கட்டிடறேன் சாமி."

டிப்போக்காரரின் வக்கீல் சட்டென்று எழுந்து, "இதைக் கனம் கோர்ட்டார் குறித்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

"எப்போது கட்டுவீர்?"

"அடுத்த மாசம் கட்டிடறேன்."

"முழுவதையுமா?"

"முழுசா கட்டிடறேன் சாமி."

மளிகைக் கடையில், டிப்போவில், வாடகை கேட்கும் அம்மாளிடம் அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. எதிரில் நிற்கிறவர் அந்த நேரத்துக்கு விலகிப் போனால் போதும் என்று பயத்தில் சொல்வது. கடன்பட்டவர் வாயில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அந்த அறையிலோ, பணம் இருக்கிறது, இத்தனை நாள் கொடுக்காமல் ஏய்த்தேன் என்று அவரே ஒத்துக்கொண்டதாக அர்த்தம். முன்சீப் அவரை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். கைதியின் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவர்தான் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பது விதி. டிப்போக்காரர் அதற்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். நான் ஏகாம்பரத்தின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"யோவ், இன்னாத்த கட்டுவே? இன்னா கீது உங்கிட்ட?"

கன்னியம்மா. பாரிவாக்கத்திலிருந்து ஓடி வந்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது, பாதமெல்லாம் புழுதி. டவாலி போட்ட கோர்ட் சேவகர் ஓடிப்போய்ச் சத்தம் போடக் கூடாது என்று மறித்தார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். முன்சீப் கையைக் காட்டினார். "வரட்டும். நீ யார்?"

"இந்தாளு பொஞ்சாதி. சாமி, இது பயத்துல உளறுது. யாரு கேட்டாலும் கட்டிடறேன்னுதான் சொல்லும். ஊட்டை எடுத்துகினாங்க. ரெண்டு சட்டி, ஒரு பாய், வேலைக்குப் போறதுக்கு ஒரு சைக்கிளு. அவ்ளோதான் கீது. சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே பத்தல. என் காதுத் தோடுகூட இவரு டிப்போவுலதான் கீது, கேளு சாமி அவரையே."

முன்சீப் டிப்போக்காரர் பக்கம் திரும்பினார். "தோடு உம்மிடம் இருக்கிறதா?"

டிப்போக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "இருக்குதுங்க" என்று டிப்போக்காரர் முனகினார்.

கன்னியம்மாவைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கி, முன்சீப் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏகாம்பரம் தலையைத் தூக்கவே இல்லை. எழுதி முடித்து உத்தரவைப் படித்தார். கடனாளியிடம் வசதி இருப்பதாகத் தெரியவில்லை, சிறையில் வைக்க முகாந்திரம் இல்லை, விடுவிக்கலாம். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "கடன் அப்படியேதான் இருக்கிறது. இனி நோட்டீஸ் வந்தால் வாங்கும்" என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஏகாம்பரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் கறுத்திருந்தது.

"இத்தினி பேர் எதிர்ல என்னை ஒண்ணுமில்லாதவன்னு சொல்லிட்டியேடி."

"சொன்னேன். ஒண்ணுமில்லாதவனைத்தான் வெளிய உட்டாங்க. முழுசா கட்டறேன்னு ஒருத்தன் நின்னானே, அவனை உள்ள தள்ள இருந்தாங்க. எயுந்துரு. ரெண்டாவது ஷிப்ட்டையாவது போயிப் புடி."

அவர் எழுந்தார். சைக்கிளைப் பிடித்தார். இரண்டடி வைத்தவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அந்த ஏரிக்கரைப் பயம் அப்படியே இருந்தது.

"நான் போலாமா சார்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கன்னியம்மா விடவில்லை. "அவரை இன்னாத்துக்குக் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.